ராஜ்யம் இழந்த மகாராஜாவின் சதுரங்கமும் சீட்டுக்கட்டும்

மைசூர் ஜகன்மோகன அரண்மனைச் சித்திரசாலைக்குப் போய் வந்த தமிழர்களைக் கேட்டால் மூன்று விஷயங்களைத் தவறாமல் சொல்வார்கள். ரவிவர்மாவின் ஓவியங்கள் ஒன்று. கையில் விளக்கேந்தி நிற்கும் பெண்ணை ஹல்தங்கர் தீட்டிய படம் இரண்டு. குட்டிச் சிப்பாய்கள் அணிவகுத்து வரும் பிரெஞ்சு நாட்டுக் கடிகாரம் மூன்று. அதே மாளிகையின் சுவர்களில் கட்டம் கட்டமாக வரைந்திருக்கும் விளையாட்டுப் பலகைகளின் சித்திரங்களை நின்று பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அந்த மாளிகையை 1861-இல் கட்டிய மனிதரின் உள்ளம் ஓவியத்திலும் கடிகாரத்திலும் இருந்ததைவிட அந்தக் கட்டங்களில்தான் அதிகம் இருந்தது. அவர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். ஐந்து வயதில் அரசரானார், முப்பத்தேழு வயதில் அதிகாரத்தை இழந்தார், அதன்பின் மேலும் 37 ஆண்டுகள் அரண்மனையிலேயே இருந்தார். அந்த நீண்ட காத்திருப்பில் அவர் உருவாக்கிய விளையாட்டுகளைப் போல இந்தியாவில் வேறு எந்த ராஜாவும் உருவாக்கியதில்லை.

பந்தலில் பட்டாபிஷேகம்

அவர் பிறந்தது 1794 ஜூலை 14. தந்தை சாமராஜ உடையார் 1796-இல் இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. ராஜ்யம் அப்போது திப்பு சுல்தான் கையில் இருந்தது. உடையார் குடும்பம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏறக்குறையச் சிறையிருந்தது. குடும்பத்தின் மூத்த ராணி லட்சுமம்மண்ணி மட்டும் மனம் தளரவில்லை. ஹைதர் காலத்திலிருந்தே அவர் கம்பெனியாரோடு ரகசியமாகத் தொடர்பு வைத்திருந்தார். அவருக்காகத் தூது நடந்தவர்கள் திருமலை ராவும் அவர் சகோதரர் நாராயண ராவும். 1782-இல் தஞ்சாவூரில்தான் கம்பெனியின் பிரதிநிதியோடு முதல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆக, மைசூர் ராஜ்யம் மீண்ட கதையின் முதல் அத்தியாயம் நடந்த இடம் நம் காவிரிக் கரைதான்.

1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். ஜூன் 30-ஆம் தேதி மைசூரில், லட்சுமிரமண சுவாமி கோயிலை ஒட்டி, பந்தல் போட்டு ஐந்து வயதுக் குழந்தைக்கு முடிசூட்டினார்கள். அரண்மனை என்று சொல்ல அங்கே கட்டடம் இல்லை. திப்புவின் காலத்தில் பழைய நகரம் இடிக்கப்பட்டிருந்தது. புதிய ஏற்பாட்டைச் செய்த கமிஷனில் பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபுவாகப் புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லியும் ஒருவர்.

அந்த ஏற்பாட்டில் கம்பெனியார் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மீந்ததுதான் குழந்தை ராஜாவுக்குக் கிடைத்தது. கொள்ளேகால் பகுதி, அதாவது அனூர், ராமாபுரம் முதலிய ஊர்கள் அடங்கிய மலையடிவாரச் சீமை, கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்தது. அது மைசூர் ராஜ்யத்தோடு இணைய 1956 நவம்பர் வரை, மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராமாபுரம் வட்டாரத்தில் இன்றும் வீட்டுக்கு வீடு தமிழ் கேட்பதற்கு அந்த 157 ஆண்டு கோவை உறவும் ஒரு காரணம்.

சிறுவன் வளரும் வரை திவான் பூர்ணையா ஆட்சியைக் கவனித்தார். அவர் கண்டிப்பானவர், கணக்கில் புலி. லட்சுமம்மண்ணி 1810-இல் காலமானார். மறு ஆண்டு பதினாறு வயது ராஜா பொறுப்பேற்றார். நிறைந்த கஜானாவை ஒப்படைத்துவிட்டு பூர்ணையா 1812-இல் கண்ணை மூடினார்.

கொடைக்கு ஓர் எல்லை வேண்டும்

கொடுப்பதற்குப் பிறந்த கை அது. கவிகள், பாடகர்கள், ஓவியர்கள், வேத பண்டிதர்கள் என்று எல்லோரும் மைசூரை நோக்கி வந்தார்கள். சாமுண்டி மலைக் கோயிலின் கோபுரம் 1827-இல் எழுந்தது. அரண்மனை வளாகத்தில் பிரசன்ன கிருஷ்ணசுவாமி கோயில் உருவாயிற்று. கன்னட உரைநடையின் முன்னோடி நூல்களில் ஒன்றான முத்ராமஞ்ஜூஷையைக் கெம்பு நாராயணர் 1823-இல் எழுதியது இவர் ஆதரவில்தான். தஞ்சை நால்வரில் மூத்தவரான சின்னையா மைசூர் அவைக்கு வந்து சேர்ந்ததும் இவர் காலத்தில்தான். மைசூர் பாணி பரதத்தில் தஞ்சாவூரின் சாயல் படிந்ததற்கு அதுவே வழி.

தஞ்சையில் அதே சமயத்தில் இரண்டாம் சரபோஜி இருந்தார். அவரிடமும் அதிகாரம் இல்லை, கோட்டையும் கொஞ்சம் சுற்றுப்புறமும்தான். அவர் சரஸ்வதி மகால் நூலகத்தில் மனதைச் செலுத்தினார். மைசூர் ராஜாவுக்கு அதிகாரம் இன்னும் கையில் இருந்தது. அதுதான் வினையாயிற்று. வரவுக்கு மேல் செலவு, செலவுக்கு ஈடாகக் கடன், கடனை அடைக்க வரிக் குத்தகை என்று நிர்வாகம் சீர்கெட்டது. குத்தகைக்காரர்கள் குடிகளைக் கசக்கினார்கள். 1830-இல் நகர் சீமையில் விவசாயிகள் கலகம் செய்தார்கள். கம்பெனிப் படை வந்துதான் அடக்க முடிந்தது. ராஜாமீது தவறே இல்லை என்று சொல்வது அவரைப் போற்றுகிறவர்களுக்கும் கடினம்.

1831 அக்டோபரில், தசரா மாதத்தில், கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க் பிரபுவின் கடிதம் வந்தது. ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொள்வதாகச் செய்தி. ராஜா எதிர்ப்புக் காட்டாமல் ஒப்படைத்தார். ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், அதாவது மூன்றரை லட்சம் ரூபாய், அவருக்கு என்று ஒதுக்கினார்கள். நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் உண்டு. பட்டம், அரண்மனை, தசரா தர்பார் எல்லாம் இருந்தன. ராஜ்யம் மட்டும் இல்லை.

பின்னர் விசாரித்த கமிட்டி, குற்றச்சாட்டுகளில் மிகைப்படுத்தல் இருந்ததாகவே அறிக்கை கொடுத்தது. ராஜ்யத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பெண்டிங்க்கே 1834-இல் யோசனை சொன்னார். லண்டனில் இருந்த டைரக்டர்கள் ஒப்பவில்லை. அதே ஆண்டு கமிஷனராக வந்த மார்க் கப்பன் 1861 வரை பெங்களூரிலிருந்து ஆண்டார். பெங்களூர் கப்பன் பூங்காவில் மாலையில் காற்று வாங்கும் நம்மவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானதே.

குதிரையின் 64 பாய்ச்சல்

முப்பத்தேழு வயது, வேலை இல்லை, வசதிக்குக் குறைவில்லை. இப்படிப்பட்ட நிலையில் குடியிலும் வேட்டையிலும் அழிந்த சிற்றரசர்கள் பலர். கிருஷ்ணராஜர் சதுரங்கப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டார். எதிராளியோடு ஆடுவதைவிட அவரை அதிகம் ஈர்த்தது தனியாக உட்கார்ந்து தீர்க்கும் ஒரு புதிர். குதிரையை எந்தக் கட்டத்திலாவது வைத்து, அதன் இயல்பான பாய்ச்சலிலேயே 64 கட்டங்களையும் தொட வேண்டும். ஒரு கட்டத்தை இரண்டாம் முறை மிதிக்கக் கூடாது.

இது நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே காச்மீரத்து ருத்ரடர் தம் அலங்கார நூலில் குதிரை நடையில் எழுத்துகளை அமைத்துச் செய்யுள் செய்திருக்கிறார். காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் தம் பாதுகா சகஸ்ரத்தில் அதே வித்தையைச் செய்தார். ஒரு சுலோகத்தின் எழுத்துகளைக் கட்டங்களில் எழுதிக் குதிரை பாயும் வரிசையில் படித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கும். ஸ்ரீரங்கம் சூறையாடப்பட்ட காலத்தில் தேசிகர் வந்து தங்கியதாகச் சொல்லப்படும் சத்தியாகாலம், கொள்ளேகாலுக்குப் பக்கத்துக் கிராமம்தான். ஐரோப்பாவில் ஆய்லர் என்ற கணித மேதை 1759-இல் இந்தப் புதிரை ஆராயத் தொடங்கினார்.

கிருஷ்ணராஜர் இதில் ஒரு படி மேலே போனார். குதிரை முதலில் நிற்கும் கட்டத்துக்கு 1, அடுத்ததற்கு 2 என்று எண் எழுதிக்கொண்டே போனால் பலகை முழுதும் எண்களால் நிரம்பும். அந்த எண்களை ஒவ்வொரு வரிசையாகக் கூட்டினாலும் ஒரே தொகை வரவேண்டும், நெடுகக் கூட்டினாலும் அதே தொகை வரவேண்டும் என்று நிபந்தனை வைத்தால் எத்தனை கடினம் என்பதை முயன்று பார்த்தவர்களே அறிவார்கள். எட்டுக்கு எட்டுப் பலகையில் அந்தத் தொகை 260. இங்கிலாந்தில் பெவர்லி என்பவர் அப்படி ஒன்றை 1848-இல் வெளியிட்டார். மைசூர் அரண்மனையில் இருந்தவரோ பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு பலகையை எடுத்துக்கொண்டார். 144 பாய்ச்சல், வரிசையாகக் கூட்டினாலும் நெடுகக் கூட்டினாலும் 870. சதுரங்க வரலாறு எழுதுகிறவர்கள் மைசூர் ராஜா என்று குறிப்பிடுவது இவரைத்தான்.

எட்டுக்கு எட்டில் மூலைக்கு மூலை கூட்டினாலும் 260 வரும்படி குதிரையை ஓட்ட முடியுமா என்ற கேள்வி அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு நிலுவையில் இருந்தது. முடியவே முடியாது என்று 2003-இல் கம்ப்யூட்டர்கள் பல வாரம் உழைத்துக் கண்டன. காகிதமும் பொறுமையும் மட்டுமே கருவியாக இருந்த ஒருவர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார் என்பது அப்போதுதான் விளங்கும்.

ஒரு கட்டுக்கு 320 சீட்டு

சதுரங்கத்துக்கு அடுத்து சீட்டு. நம் வீடுகளில் ஆடும் 52 சீட்டுக் கட்டு வெள்ளைக்காரர்களோடு வந்தது. அதற்கு முன் இந்தியாவில் ஆடியது கஞ்சிபா. பாரசீகத்திலிருந்து வந்த ஆட்டம் அது. பாபர் 1527-இல் சிந்து நாட்டு நண்பர் ஒருவருக்குக் கஞ்சிபா அனுப்பியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சீட்டுகள் வட்டமாக இருக்கும். துணி, காகிதம், தந்தம், ஆமை ஓடு என்று ஆளுக்கேற்ற பொருளில் செய்து கையால் வண்ணம் தீட்டி, மெருகு பூசி, சித்திர வேலை செய்த மரப்பெட்டியில் வைப்பார்கள். மொகலாயர் கட்டில் எட்டு ஜாதி, 96 சீட்டு. இந்துக்கள் அதைத் தசாவதாரமாக மாற்றிக்கொண்டார்கள். பத்து அவதாரத்துக்குப் பத்து ஜாதி, ஜாதிக்கு ஒரு ராஜா, ஒரு மந்திரி, பத்து எண் சீட்டு, ஆக 120. பகலில் ஆடினால் ராமர் சீட்டை வைத்திருப்பவர் தொடங்குவார், இரவில் ஆடினால் கிருஷ்ணர்.

மகாராஜாவுக்கு 120 போதவில்லை. சத் என்ற பெயரில் புதிய கட்டுகளை வகுத்தார். ஜாதிக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு எண் சீட்டும் ஆறு உருவச் சீட்டும். நவக்கிரகம், பஞ்ச பாண்டவர், தசாவதாரம் என்று புராணமெல்லாம் சீட்டில் இறங்கியது. குலதெய்வத்தின் பெயரால் செய்த சாமுண்டேசுவரி சத் என்ற கட்டில் 16 ஜாதி, ஜாதிக்கு 20 வீதம் 320 சீட்டு. இன்னும் பெரியதாக 18 ஜாதி, 360 சீட்டுக் கட்டும் உண்டு.

இந்த ஆட்டங்கள் அரண்மனைச் சுவரைத் தாண்டவில்லை. தாண்டுவதற்கு வழியும் இல்லை. 320 சீட்டில் எது போயிற்று, எது மிச்சம் என்று நினைவில் வைக்க ஒரு மனிதனுக்கு வேறு ஜோலி இருக்கக் கூடாது. ஆனால் அதே காரணத்தால் அவை வெறும் சூதும் அல்ல. அதே நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் சார்லஸ் ஃபே என்ற ஜெர்மானியத் தொழிலாளி ஒரு சூதாட்ட யந்திரம் செய்தார். காசு போட்டுக் கைப்பிடியை இழுத்தால் மூன்று சக்கரங்கள் சுழலும். ஆர்ட்டின், டயமண்ட், இஸ்பேட், குதிரை லாடம், மணி என்று உருவங்கள் வந்து நிற்கும். பிற்பாடு அவற்றின் இடத்தில் எலுமிச்சையும் செர்ரியும் வந்து, இங்கிலாந்தில் பழ யந்திரம் என்றே பெயராயிற்று. பழைய பெட்டிகளை வாங்கி, வில்லுக்கு எண்ணெய் போட்டு, வீட்டுக் கூடத்தில் வைத்துப் போற்றுகிறவர்கள் அந்த நாடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அங்கே ஆடுகிறவன் செய்ய வேண்டியது கையால் இழுப்பது மட்டும், மற்றதை யந்திரம் பார்த்துக்கொள்ளும். மைசூர் சீட்டில் நிலைமை நேர் எதிர். எல்லாப் பற்சக்கரமும் ஆடுகிறவர் தலைக்குள்ளேயே சுழல வேண்டும்.

நம் பாட்டிமார் ஆடிய ஆட்டங்களும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. தாயமும் பரமபதமும் ஆடுகிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அவருடைய பலகைகள் அந்நியமாகத் தோன்றா. தேவி சாயுஜ்யம் என்ற ஆட்டத்தில் காய் கட்டங்களைக் கடந்து நடுவிலிருக்கும் தேவியை அடைந்தால் ஆட்டம் முடிந்தது. பரமபதத்தில் உள்ள அதே எண்ணம்தான். ஆனால் வேலைப்பாடு அரண்மனைக்கு உரியது.

இவற்றை மறந்துபோகாமல் எழுதியும் வைத்தார். ஸ்ரீதத்வநிதி என்ற பெயரில் படங்களோடு உருவான பெருநூலில் ஒன்பது நிதிகள், அதாவது ஒன்பது பகுதிகள். சக்தி, விஷ்ணு, சிவன் என்று தெய்வங்களின் தியான உருவங்களைச் சொல்லிக்கொண்டே போய், ஒன்பதாவதான கௌதுக நிதியில் சீட்டும் பலகை ஆட்டமும் வருகின்றன. 122 யோகாசனங்களின் படங்களும் அதே பகுதியில்தான். யோக சாத்திர வரலாற்றை ஆராய்கிறவர்கள் இன்று உலகின் பல பாகங்களிலிருந்து அந்தப் பக்கங்களைத் தேடி வருகிறார்கள். விளையாட்டையும் யோகத்தையும் ஒரே பெட்டியில் வைத்த அந்த மனதை என்னவென்று சொல்வது!

கடைசிக் காய்

ஆடிக்கொண்டே இருந்தார் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. 1833-இல் தம் செலவில் மைசூரில் இலவச ஆங்கிலப் பள்ளி தொடங்கினார். அதுதான் வளர்ந்து மகாராஜா கல்லூரியாயிற்று. மறுபக்கம் கல்கத்தாவுக்கும் லண்டனுக்கும் மனு மேல் மனு. ஒவ்வொரு கவர்னர் ஜெனரலாக வந்தார், போனார். 1857 கலகத்தில் மைசூர் அமைதியாக இருந்தது. கம்பெனி போய் ராணியின் ஆட்சி வந்ததும் நம்பிக்கை துளிர்த்தது. 1861-இல் கானிங் பிரபுவுக்கு எழுதினார். பதில், இல்லை என்பதுதான்.

இன்னொரு கவலையும் அவரை அரித்தது. பட்டத்துக்குரிய மகன் இல்லை. வாரிசு இல்லாமல் ராஜா இறந்தால் ராஜ்யம் வெள்ளைக்காரருக்கு என்று சதாரா, நாகபுரி, ஜான்சியெல்லாம் போன கதை அவருக்குத் தெரியாததல்ல. தஞ்சாவூரில் சரபோஜியின் மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தபோது அந்தப் பட்டமும் அதோடு முடிந்தது. அடுத்தது மைசூர் என்று வெளிப்படையாகவே பேசினார்கள்.

1865 ஜூன் 18-ஆம் தேதி, எழுபத்தோராவது வயது நிறையும் தறுவாயில், உறவுக் குடும்பத்துச் சாமராஜேந்திரன் என்ற இரண்டு வயதுக் குழந்தையை ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டார். இந்திய சர்க்கார் அங்கீகரிக்க மறுத்தது. ஆனால் லண்டனில் அவருக்கு ஆதரவு திரண்டது. மேஜர் இவான்ஸ் பெல் போன்ற ஆங்கிலேயர்களே புத்தகம் எழுதி வாதாடினார்கள். பார்லிமெண்டிலும் விவகாரம் எழுந்தது. 1867-இல் இந்தியா மந்திரி ஸ்டாஃபோர்ட் நார்த்கோட் தீர்ப்புச் சொன்னார். ஸ்வீகாரம் செல்லும், பிள்ளை வளர்ந்ததும் ராஜ்யம் அவனுக்கு.

கிழவருக்கு அது கிடைக்காது, ஆனால் கிடைக்க வேண்டிய கைக்குக் கிடைக்கும். 1868 மார்ச் 27-ஆம் தேதி அவர் காலமானார். அப்போது சாமராஜேந்திரனுக்கு வயது ஐந்து. பந்தலில் முடிசூட்டப்பட்ட நாளில் கிருஷ்ணராஜருக்கு இருந்த அதே வயது. 1881 மார்ச் 25-ஆம் தேதி சர்க்கார் மைசூரை அந்தப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தது.

மும்மடியார் வாழ்ந்த மர அரண்மனை 1897-இல் தீப்பற்றி எரிந்தது. இப்போது விளக்கொளியில் ஜொலிக்கும் அரண்மனை ஹென்றி இர்வின் திட்டமிட்டு 1912-இல் முடிந்தது. தீ ஜகன்மோகன மாளிகையை எட்டாததால் சுவரிலிருந்த பலகைகள் தப்பின. சீட்டுகள் சிதறிவிட்டன. பம்பாயில் வாழ்ந்த ருடால்ஃப் வான் லேடன் என்ற ஜெர்மானியர் கஞ்சிபாக்களைப் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்தார். மைசூர் சத் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் பழைய பலகை ஆட்டங்களைக் கைவினைஞர்களைக் கொண்டு செய்வித்துக் கண்காட்சி நடத்தி வந்திருக்கிறது. சாமுண்டி மலைக்குப் போகிறவர்கள், கோயிலுக்குள் மூன்று ராணிகளோடு கைகூப்பி நிற்கும் மகாராஜாவின் சிலையையும் காணலாம்.